ஊருக்கு வராத ஊர் டீம்

2021 ஆகஸ்ட் 15. டிஎன்பிஎல் இறுதி ஆட்டம், சேப்பாக்கத்தில். கொரோனா காலம் என்பதால் கேலரி காலி. ஒரு பக்கம் சேப்பாக் சூப்பர் கில்லீஸ், இன்னொரு பக்கம் ரூபி திருச்சி வாரியர்ஸ். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு ஹாலில் நான் ஒருத்தன் மட்டும் டிவி முன்னால். என் ஊர்ப் பெயர் போட்ட சட்டை முதல் தடவையாக ஒரு ஃபைனலில் ஆடுகிறது. ஆனால் கில்லீஸின் ஜெகதீசன் அடிக்க ஆரம்பித்ததும் கை தானாகத் தட்டியது. அவர் சிஎஸ்கே ஆள். வேறு காரணமெல்லாம் இல்லை. திருச்சி கடைசியில் 8 ரன்னில் தோற்றது. தோற்பது உறுதியான பிறகுதான் 'ச்சே, ஜெயிச்சிருக்கலாமே' என்று தோன்றியது. துக்க வீட்டுக்கு லேட்டாகப் போனவன் மாதிரி இருந்தது.

ஏன் இப்படி என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். குறை என்னிடமா, அந்த அணியிடமா?

ஐபிஎல் 2008இல் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. சென்னையை நான் அதுவரை பார்த்ததே இல்லை. ஆனாலும் சென்னை சூப்பர் கிங்ஸ் 'நம்ம டீம்' ஆகிவிட்டது. கேப்டன் ராஞ்சிக்காரர், ஓப்பனர் ஆஸ்திரேலியாக்காரர், முதலாளி சிமெண்ட் கம்பெனி. இதில் ஸ்ரீரங்கத்துப் பையனுக்கு என்ன பங்கு என்று யாரும் கேட்கவில்லை. அப்பா பார்த்தார், பக்கத்து வீட்டு அண்ணன் பார்த்தான், நானும் பார்த்தேன். 2011 ஃபைனலில் முரளி விஜய் 95 அடித்த ராத்திரி எங்கள் தெருவில் யாரோ சரவெடி வைத்தார்கள். பாட்டி எழுந்து வந்து, "என்னடா, பெருமாள் புறப்பாடா?" என்று கேட்டாள். என் சிஎஸ்கே இந்த ஹாலிலும் இந்தத் தெருவிலும்தான் உருவானது. சேப்பாக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

சுஜாதாவின் ஸ்ரீரங்கத்துக் கதைகளை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர் பிறந்தது 1935இல், திருவல்லிக்கேணியில். சேப்பாக்கம் மைதானத்துக்கு நடந்தே போய்விடலாம். வளர்ந்தது ஸ்ரீரங்கத்தில், பாட்டி வீட்டில். 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' தொகுப்பில் 'பேப்பரில் பேர்' என்று ஒரு கிரிக்கெட் கதை உண்டு. நகைச்சுவைக்காகப் பலர் கொண்டாடும் கதை. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு: அங்கே டீம் என்பது தெருவில் எதிர்ப்படுகிற ஆட்கள். கேட்ச் விட்டவன் சாயங்காலம் அதே வீதியில்தான் நடந்தாக வேண்டும். பேப்பரில் பேர் வருவது அதனால்தான் அவ்வளவு பெரிய விஷயம். பேரைப் படிக்கப் போகிறவர்களுக்கு ஆளையும் தெரியும். அந்தக் கதைகளில் ஏக்கம் ஜாஸ்தி, ஊரைக் கொஞ்சம் இனிப்பாகவே காட்டுகிறார் என்பது என் பழைய புகார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவரை நம்புகிறேன். முதல் ஐபிஎல் ஏலம் நடந்து ஒரு வாரத்தில், 2008 பிப்ரவரி 27 அன்று அவர் போய்விட்டார். ஊர்ப் பெயரை விலைக்கு வாங்கிய அணிகளைப் பற்றி எழுதியிருந்தால் நிச்சயம் வம்பாக இருந்திருக்கும்.

சிஎஸ்கே இரண்டு வருஷம் தடை செய்யப்பட்டிருந்த 2016இல் டிஎன்பிஎல் தொடங்கியது. அந்த முதல் வருஷம் திருச்சி கிடையாது. காஞ்சி வாரியர்ஸ் என்று ஒன்று இருந்தது. அடுத்த வருஷம் அதே அணி திருச்சி வாரியர்ஸ் ஆனது. காலியான காஞ்சியை 2018இல் திருவள்ளூர் வீரன்ஸ் எடுத்துக்கொண்டது; பிறகு அதுவே நெல்லை ஆனது. காரைக்குடி காளை திருப்பூர் தமிழன்ஸ் ஆனது. வாடகைக்கு வீடு மாறுகிறவர்கள்கூட பழைய தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். காஞ்சிபுரத்தில் யாராவது 'எங்க டீம் எங்கே' என்று கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.

இங்கிலாந்தில் விம்பிள்டன் கால்பந்து கிளப்பை 2003இல் சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோனார்கள். ரசிகர்கள் கூடப் போகவில்லை. அதற்கு முந்தின வருஷமே ஏஎஃப்சி விம்பிள்டன் என்று தாங்களே ஒரு கிளப் தொடங்கி, அடிமட்ட லீக்கிலிருந்து ஆடிக்கொண்டு மேலே வந்தார்கள். அங்கே பிடுங்குவதற்கு ஏதோ வேரோடியிருந்தது. நம்மிடம் பெயர்ப்பலகைதான் இருந்தது.

நான் பார்த்த வருஷங்களில் டிஎன்பிஎல் ஆட்டங்கள் சென்னை, நத்தம், திருநெல்வேலி, சேலம், கோவை என்று நடந்தன. திருச்சியில் ஒன்றுகூட இல்லை. ஒருமுறை துவரங்குறிச்சி வழியாக பஸ் பிடித்து நத்தம் போனேன். சுற்றிலும் திண்டுக்கல் சத்தம். பக்கத்தில் இருந்த பையன், "அண்ணே, நீங்க எந்த ஊரு?" என்றான். "ஸ்ரீரங்கம்" என்றேன். திருச்சி என்று வாயில் வரவே இல்லை. 1994இலேயே ஸ்ரீரங்கம் திருச்சி மாநகராட்சியோடு சேர்ந்தாகிவிட்டது. ஆனாலும் காவிரிப் பாலத்தைத் தாண்டினால் எங்களுக்கு அது 'திருச்சிக்குப் போயிட்டு வரேன்'தான். அந்த அணி என் ஊர் அணியா என்பதே சந்தேகம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

லீக்கே வீண் என்று சொல்ல மாட்டேன். நடராஜனும் வருண் சக்கரவர்த்தியும் வெளியே தெரிய வந்ததில் அதற்குப் பங்கு உண்டு. ஆட்டக்காரர்களுக்கு அது படிக்கட்டு, சரி. பார்க்கிறவனுக்கு என்ன? ஊர்ப்பாசத்தைக் காட்டு என்று கமெண்டரியில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பாசம் என்றால் திட்டவும் உரிமை வேண்டாமா? மோசமாக ஆடினவனை வெயிலில் உட்கார்ந்து, அவன் காதில் விழுகிற மாதிரி, நாலு வார்த்தை கேட்க வேண்டாமா? 2022இல் முரளி விஜய் திருச்சிக்காக 66 பந்தில் 121 அடித்தார். 2011இல் எங்கள் தெருவில் சரவெடி வெடிக்க வைத்த அதே ஆள், இப்போது எங்கள் ஊர்ச் சட்டையில்! தெருவில் ஒரு சத்தமில்லை. ஆட்டமும் தோல்வி.

சிஎஸ்கேவை நான் கேள்வியே கேட்காமல் இருந்தேன் என்றும் இல்லை. 2018 ஏப்ரல் 10. தடை முடிந்து சேப்பாக்கத்தில் முதல் ஆட்டம், கொல்கத்தாவோடு. காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு மாநிலம் முழுக்கப் போராட்டம். சித்தப்பாவுக்கு லால்குடிப் பக்கம் கொஞ்சம் நிலம். அன்று வீட்டுக்கு வந்திருந்தார். நான் மஞ்சள் சட்டையோடு டிவி முன்னால்.

"ஏன்டா, அம்மா மண்டபத்துல இறங்கிப் பாத்தியா? மணல்தான் கெடக்கு. இப்ப இதான் முக்கியமா?"

"ரெண்டு வருஷம் கழிச்சு வந்திருக்காங்க சித்தப்பா."

"தண்ணி எத்தன வருஷம் கழிச்சு வரும்னு கேளு."

கொஞ்ச நேரத்தில் கேலரியிலிருந்து செருப்பு பறந்து ஜடேஜா பக்கத்தில் விழுந்தது. அவர் என்ன செய்தார் பாவம் என்று எனக்குக் கோபம். சித்தப்பா எதுவும் பேசவில்லை. செருப்பு எறிந்ததை அவரும் ரசிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. 203 இலக்கைத் துரத்தி சிஎஸ்கே ஜெயித்தபோது நான் எழுந்து கத்தவில்லை. சட்டையை எப்போது கழற்றினேன் என்று நினைவில்லை. மீதி உள்ளூர் ஆட்டங்களை புனேவுக்கு மாற்றிவிட்டார்கள். ரசிகர்களுக்கு ஸ்பெஷல் ரயிலே விட்டார்கள். சித்தப்பாவுக்கு அதைச் சொன்னால் என்ன பதில் வரும் என்று தெரிந்ததால் சொல்லவில்லை. அதே வருஷம் ஆகஸ்டில் வெள்ளம் வந்து முக்கொம்பு மேலணையில் ஒன்பது ஷட்டர்கள் அடித்துக்கொண்டு போனது தனிக்கதை.

அன்று சிஎஸ்கே மேல் எனக்கு வந்த அந்தக் கோபம், கூச்சம், மனஸ்தாபம் எதுவும் திருச்சி அணி மேல் ஒருநாளும் வந்ததில்லை. காவிரிக்கரையில் ஒரு மண்ணும் இல்லாத ஊரின் அணியோடு காவிரிக்காகச் சண்டை போட்டேன். காவிரிக்கரை ஊரின் பெயர் வைத்த அணியோடு சண்டை போட ஒரு விஷயமும் கிடைக்கவில்லை. விசுவாசம் மாறியதா என்று கேட்டால், மாறுவதற்கு அந்தப் பக்கம் ஒரு இடமே இருக்கவில்லை என்றுதான் சொல்வேன்.

2023இல் திருச்சி அணி பெயர் மறுபடி மாறியது. பால்சி திருச்சி. ஆங்கிலத்தில் எழுதினால் நடுவில் 11 என்ற எண் வரும். எப்படி வாசிப்பது என்று எனக்கே யாரோ சொல்லித்தர வேண்டியிருந்தது. அந்த சீசனில் கடைசி இடம். அடுத்த வருஷம் திருச்சி கிராண்ட் சோழாஸ். உறையூர் சோழர் தலைநகர், ஞாயம்தான். ஆனால் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது கிண்டி ஹோட்டல்.

அந்த 2023 மே மாத ஐபிஎல் ஃபைனலில், கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் அடித்து சிஎஸ்கேவை ஜெயிக்க வைத்தவர் ஜடேஜா. மறுநாள் காலை சித்தப்பா போன் செய்தார்.

"செருப்பு விழுந்துச்சே, அந்தப் பையன்தானே அடிச்சான்?"

"ஆமா சித்தப்பா."

"நல்லா அடிச்சான்."

அடுத்த மாசம் டிஎன்பிஎல் வருது, திருச்சி ஆடுது என்றேன்.

"திருச்சிக்கு டீம் இருக்கா? எங்கடா ஆடுறாங்க?"

கோயம்புத்தூரில் என்றேன்.

"அது சரி" என்றார். பிறகு மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பேசினோம்.