தூசி தின்ற பெல்ற்

விடியக்காலையில் காரை ஸ்ரார்ட் பண்ணினால் அயலே எழும்பிவிடும். அப்படியொரு கீச்சல். கிளிநொச்சியில் எங்கள் 110 கொரோலா இரண்டு கிழமையாகப் போட்ட சத்தம் அது. கீச்சியது எஞ்சின் பெல்ற். ஊரில் அதை இன்னமும் ‘ஃபான் பெல்ற்’ என்றுதான் சொல்வார்கள். ஆனால் இந்தக் காரில் ஃபான் மின்சாரத்தில் ஓடுகிறது. பெல்ற் சுற்றுவது ஒல்ரநேற்றரையும் தண்ணிப் பம்பையும். அறுந்தால் முதலில் பற்றரி விளக்கு எரியும், பிறகு ஹீற் ஏறும். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு கிட்டத்தட்ட 50 கிலோமீற்றர். நடுக்காட்டில் அது அறுந்தால் பிள்ளையார்தான் துணை.

தெரிந்த மெக்கானிக் ஒருவர் போனிலேயே சோதனை சொன்னார்: “எஞ்சின் ஓடேக்கை பெல்ற்றின்ரை உள்வரியிலை கொஞ்சம் தண்ணி தெளியுங்கோ அண்ணை. சத்தம் நிண்டு திரும்ப வந்தா புல்லி கோணல். கூடினா பெல்ற் தொய்ஞ்சிட்டுது. கை மட்டும் கவனம்.” தெளித்தேன். கூடியது.

பெல்ற் வாங்க எஞ்சின் நம்பர் வேண்டியதில்லை, பழையதன் முதுகைப் பார்த்தால் போதும். 4பிகே 850 என்று இருந்தால் நான்கு வரி, 850 மில்லிமீற்றர் நீளம் என்று அர்த்தம்.

மாற்றும் வேலைக்கு 12, 14 ஸ்பானர் போதும். எஞ்சின் ஆறியபின் பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றினேன். ஏசிக்குத் தனி பெல்ற் இருப்பதால், வெளியில் இருப்பதைக் கழற்றித்தான் உள்ளே இருப்பதற்குப் போகலாம். ஒல்ரநேற்றரின் போல்ற்றுகளை இளக்கி உள்ளே தள்ளியதும் பழையது கையோடு வந்தது. முக்கால் மணித்தியால வேலை.

ஏமாந்தது இறுக்குவதில். திரும்பக் கீச்சக்கூடாதென்று வீணைத் தந்தி மாதிரி முறுக்கிவிட்டேன். சத்தம் நின்றது, பதிலுக்கு ஒரு முனகல் வந்தது. அப்படியே ஓடியிருந்தால் தண்ணிப் பம்பின் பெயரிங் போயிருக்கும். பெருவிரலால் அமத்தும்போது ஒரு சென்ரிமீற்றர் அளவு இறங்கும்படி தளர்த்தியதும் முனகலும் அடங்கியது. சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் ஒருதரம் திரும்பப் பார்த்தேன், கொஞ்சம் இளகியிருந்தது.

கழற்றிய பெல்ற்றில் ஒரு வெடிப்புக்கூட இல்லை. முந்தைய நியோப்பிரீன் பெல்ற் வெடித்துக் காட்டிக்கொடுக்கும். இப்போது வருவது ஈபிடிஎம் ரப்பர். அது லேசில் வெடிக்காது, டயர் மாதிரித் தேயும். சாக்குத் தைக்கிற ஊசியைப் புதியதன் பள்ளத்தில் வைத்தேன், மேலே துருத்தி நின்றது. பழையதில் வைத்தேன், உள்ளே தாழ்ந்துவிட்டது. கிரவல் றோட்டுச் செம்மண் வரிகளுக்குள் புகுந்து அரம் மாதிரி அராவியிருக்கிறது. ஆகவே வன்னியில் ஓடுகிறவர்கள் வெடிப்பைத் தேடாமல் பள்ளத்தின் ஆழத்தைப் பாருங்கள்.

ஆக்குவா ஹைபிரிட் கார் வைத்திருப்பவருக்கு இந்தத் தலையிடியே இல்லை. அதற்கு இந்த பெல்ற்றே கிடையாது. ஆனால் 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025இல் திறந்தபோது விலை எங்களுக்கு எட்டவில்லை. அதனால் 110தான்.

தீர்ப்பு: பெல்ற்றுக்குப் பத்துக்கு ஒன்பது. இறுக்கிய எனக்கு ஆறு. தேய்ந்தாலும் அறாத பழையது டிக்கியில் கிடக்கிறது, இரண்டு ஸ்பானர்களும் கூடவே. புதியது வழியில் அறுந்தால், கீச்சிக்கொண்டாவது வீடு சேர்க்கும்.