போர்டில் பட்டு விழும் பந்து

ஜூலை பிறந்தால் போதும், போன் வர ஆரம்பித்துவிடும். பாஸ்கெட்பால் பையன்களில் யார் எந்தக் கல்லூரிக்குப் போனான், எந்தக் கோச் யாரைத் தூக்கிவிட்டார், தென்கோடியிலிருந்து ஆறடி ஏழு அங்குலத்தில் ஒரு பையன் வந்திருக்கிறானாமே, பார்த்தீர்களா என்று. இந்தப் பேச்செல்லாம் எனக்கும் பிடிக்கும். ஒன்றுதான் எரிச்சல். எல்லாரும் உயரத்தைச் சொல்கிறார்கள், வெர்டிகல் ஜம்ப்பைச் சொல்கிறார்கள், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று பத்துக்கு எத்தனை போடுவான் என்று சொல்கிறார்கள். போர்டில் போடுவானா என்று கேட்டால் மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒரு சிரிப்பு. "இன்னும் அதையே பிடிச்சிக்கிட்டு இருக்கீங்களா சார்?"

பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ரிங்குக்கு இடது பக்கம், கீ-யின் ஓரத்தில், நாற்பத்தைந்து டிகிரிக் கோணம். அங்கே ஒருவன் பந்தை வாங்குகிறான். ரிங்கைப் பார்ப்பதில்லை, அதுதான் முதல் அழகு. அவன் கண் போர்டில் வரைந்திருக்கும் சின்னச் சதுரத்தின் மேல் மூலையில், தன் பக்கத்து மூலையில் நிற்கிறது. எதிரே கை நீட்டி நிற்பவனும் ரிங்கைத்தான் காக்கிறான், அந்த மூலையை அல்ல. பந்து விரல் நுனியில் கிளம்பி, கொஞ்சம் மேலே ஏறி, மூலையில் பட்டு, வலையில் விழும்போது ஒரு "டப்", அதன் பின்னால் ஒரு "சர்". இரண்டு சத்தம். வெளியிலிருந்து நேரே விழும் பந்துக்கு ஒரு சத்தம்தான். ஆட்டம் பார்த்துப் பழகியவர்கள் முதுகைக் காட்டி நின்றாலும் போர்டில் பட்டு விழும் இந்த இரட்டைச் சத்தத்தைக் காதாலேயே அடையாளம் கண்டுவிடுவார்கள்.

டிம் டங்கனின் பெயரை இங்கே சொல்லாமல் நகர முடியாது. சான் அன்டோனியோவுக்கு ஐந்து பட்டம் வாங்கிக் கொடுத்த மனிதர். 1999-இல் முதல் பட்டம், 2014-இல் கடைசி. ஆடுகிற காலத்தில் அவரைப் பார்த்து "போர் அடிக்கிறது" என்றவர்கள் எத்தனை பேர்! இடது பக்கம், முகம் திருப்பி நின்று, போர்டில் ஒன்று. மறுபடி அதே இடம், அதே ஒன்று. எதிராளிக்கு அது வரும் என்று தெரியும், தெரிந்தும் தடுக்க முடியவில்லை என்பதில் இருக்கிற ருசி சிலருக்குப் பிடிபடுவதில்லை. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் வேக் ஃபாரஸ்ட் கல்லூரியில் நான்கு வருடமும் முழுசாக ஆடிவிட்டு 1997-இல்தான் என்பிஏ-வுக்குப் போனார். பாதியிலேயே போயிருக்கலாம், கூப்பிட ஆளிருந்தது. போகவில்லை. அந்த ஷாட்டுக்கும் அந்த நான்கு வருடத்துக்கும் சம்பந்தம் உண்டு என்பது என் கட்சி.

இது வெறும் கிழவன் பிடிவாதம் என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கு. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் பத்து லட்சம் எறிதல்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து 2011-இல் வெளியிட்டார்கள். ரிங்கிலிருந்து சுமார் பன்னிரண்டு அடிக்குள், பக்கவாட்டுக் கோணங்களில், போர்டில் போடுவது நேரே போடுவதைவிட 20 சதவீதம் வரை கூடுதலாக உள்ளே போகும் என்றார்கள். எங்கள் காலத்து பி.டி. மாஸ்டர்கள் விசில் வாயோடு சொன்னதும் இதைத்தான்.

என் தம்பி மகன் இதற்கு மசிய மாட்டான். அவனுக்கு என்பிஏ-வின் ஸ்டெஃபன் கரிதான் எல்லாம். "பெரியப்பா, ரெண்டு பாயின்ட்டுக்கு இவ்ளோ கஷ்டப்படறதுக்கு, வெளிய நின்னு மூணு வாங்கிட்டுப் போலாமே?" கணக்கு சரிதான், மறுக்கவில்லை. ஆனால் கரி மாதிரி போட முடிகிறவன் போடட்டும். போட முடியாதவனும் அங்கேயே நின்று எறிவதுதான் இன்றைய கல்லூரி ஆட்டம். 2010-இல் மூன்று புள்ளிக் கோடு 6.25 மீட்டரிலிருந்து 6.75-க்குப் பின்னால் போனது. நம் மைதானங்கள் பலவற்றில் புதுக் கோட்டை அடித்தார்கள், பழைய கோட்டை அழிக்கவில்லை. சிமெண்டில் இரண்டு வில் தெரியும், ஒன்று வெளுத்து, ஒன்று பளிச்சென்று. பழைய வில்லுக்கும் ரிங்குக்கும் நடுவில் இருக்கிற அந்த நிலம் இன்று தரிசு. அதில்தான் என் ஷாட் விளைந்தது. அப்புறம், அந்தக் கரியே டேவிட்சன் என்கிற சின்னக் கல்லூரியில் மூன்று வருடம் ஒரே கோச்சிடம் இருந்தவர் என்பதையும் தம்பி மகனிடம் சொன்னேன். "அது அப்போ" என்றான்.

அது அப்போதான், உண்மை. இப்போது அமெரிக்கக் கல்லூரிகளில் 2018-இல் வந்த டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயரைப் பதிந்தால் அடுத்த கல்லூரி. 2021-இலிருந்து விளம்பரப் பணம் வாங்கவும் வழி திறந்துவிட்டார்கள். 2025 கோடையில் ஆண்கள் பாஸ்கெட்பாலில் மட்டும் 2,000 பேருக்கு மேல் அந்தப் பட்டியலில் நின்றார்கள். கூப்பர் ஃபிளாக் டியூக்கில் ஒரே ஒரு வருடம் ஆடி, அதே கோடையில் முதல் ஆளாக என்பிஏ-வுக்குத் தேர்வானார். அவர் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. அவர் டியூக்கில் இருந்தாரா, வந்துபோனாரா என்பதில்தான் சந்தேகம்.

நம் ஊரில் போர்ட்டல் என்று தனியாக ஒன்றும் வேண்டாம். டி.சி. இருக்கிறதே. போன வருடம் ஒரு கல்லூரி பனியனில் பார்த்த பையனை இந்த வருடம் எதிர் பனியனில் பார்க்கிறோம். பையனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டல் கிடையாது, ஷூ வாங்கித் தருகிறோம், படிப்பு முடிந்ததும் எம்.பி.ஏ. சீட்டும் உண்டு என்றால் எந்த நெசவாளி வீட்டுப் பிள்ளை வேண்டாம் என்பான்? பொறியியல் கலந்தாய்விலேயே விளையாட்டுக்கு 500 இடம் ஒதுக்கியிருக்கிறது அரசு. அரசு வேலையில் 3 சதவீதம் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. முதலமைச்சர் கோப்பையில் கல்லூரிப் பிரிவில் அணி முதலிடம் பிடித்தால் ஆளுக்கு 75,000 ரூபாய் என்று கொடுத்தார்கள். இரண்டாம் வருடத்திலேயே வங்கி அணி ஒன்றோ ரயில்வேயோ கூப்பிட்டால் கிளம்பிவிடுவான், கிளம்ப வேண்டியதுதான். இதெல்லாம் நல்லதுக்குத்தான். ஆனால் ரசிகனுக்கு ஒரு நஷ்டம் இருக்கிறது, அதைச் சொல்ல எனக்கும் உரிமை உண்டு.

நஷ்டம் இதுதான். போர்டு ஷாட் ஒரு ஆள் போடுகிற ஷாட் மாதிரித் தெரியும். அது இரண்டு ஆள் ஷாட். போஸ்டில் நிற்பவனுக்கு எந்தக் கையில், எந்த உயரத்தில், எந்த நொடியில் பந்து வேண்டும் என்று பாயின்ட் கார்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பந்து அரை அடி தள்ளி வந்தால் அவன் ஒரு முறை தட்ட வேண்டியிருக்கும். தட்டினால் கோணம் போச்சு, எதிராளியின் கை வந்துவிடும். பயிற்சியாளர் பலகையில் வரைந்து இதைச் சொல்லிக்கொடுக்க முடியாது. இரண்டு பேர் இரண்டு மூன்று வருடம் ஒரே மைதானத்தில் வேர்த்தால் தானாக வரும். வருடா வருடம் ஆளை மாற்றினால் வராது. அதனால்தான் புது அணிகள் எல்லாம் வெளியே நின்று எறிகின்றன. மூன்று புள்ளி எறிவதற்குக் கூட்டாளி வேண்டாமே.

அணி கட்டுவதில் நம் பக்கம் இரண்டு ஜாதி உண்டு. எஸ்.ஆர்.எம்., சத்யபாமா, ஹிந்துஸ்தான் மாதிரி நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரே வளாகம், ஒரே மெஸ், வருடம் முழுக்க ஒரே பயிற்சி. சென்னைப் பல்கலைக்கழகம் அப்படியல்ல. இணைப்புக் கல்லூரிகளிலிருந்து ஆள் பொறுக்க வேண்டும். இந்தப் பக்கம் காஞ்சிபுரம் பச்சையப்பன் கல்லூரிப் பையன் வரைக்கும் அதற்குள் அடக்கம். செலக்‌ஷன், கொஞ்ச நாள் கேம்ப், அப்புறம் தென்மண்டலப் போட்டி. கூட்டாளித்தனம் என்று பார்த்தால் முதல் ஜாதிதான் ஜெயிக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். நான் இரண்டாவது ஜாதியின் பக்கம். லயோலாவின் பெர்ட்ராம் நினைவுப் போட்டியிலும் மண்டலப் போட்டிகளிலும் ஒருவனுக்கு எதிராக ஒருவன் ஆடிய பையன்கள் அவர்கள். எதிராளியாக நின்று ஒருவனைத் தடுத்தவனுக்கு அவன் கை எங்கே போகும், தோள் எப்போது இறங்கும் என்பதெல்லாம் மனப்பாடம். அவனே நாளைக்கு உன் பக்கம் வந்தால், பந்தைச் சரியான இடத்தில் வைப்பான். மெஸ்ஸில் ஒன்றாகச் சாப்பிட்டு இது வராது. நண்பர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், பரவாயில்லை.

எங்கள் தாமலில் இதையெல்லாம் பேச ஆள் கிடையாது. ஏரிப் பக்கம் மாலையானால் வாலிபால் வலை கட்டிவிடுவார்கள். கபடி என்றால் ஊரே கூடும். பாஸ்கெட்பால் பார்க்க பாலுசெட்டிசத்திரம் தாண்டிக் காஞ்சிபுரம் போக வேண்டும், கொஞ்சம் நல்ல ஆட்டம் வேண்டுமென்றால் சென்னைக்கு. ஆனால் நான் ஆட்டம் பார்க்கக் கற்றது இங்கெல்லாம் இல்லை, கரூரிலும் பெரியகுளத்திலும். மே மாதத்து அனல் அடங்கிய ராத்திரி, மின்னொளி, மரத்தில் கட்டிய கேலரி. கரூரில் எல்.ஆர்.ஜி. நாயுடு நினைவுக் கோப்பை, பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி கிளப் நடத்துகிற போட்டி. ஐ.ஓ.பி.யும் இந்தியன் வங்கியும் ஐ.சி.எஃப்.பும் ராணுவமும் வந்து இறங்கும். வேட்டியை மடித்துக் கட்டிய வாழைக்காய் வியாபாரி "டேய், பேக் டோர் கட் பண்ணுடா" என்று கத்துவதை வேறெங்கே கேட்க முடியும்?

அந்த ஊர்களில் கிளப் மைதானத்துப் பையன்களுக்கு அப்போது மரப் பலகைதான் போர்டு. வெள்ளை அடித்து, கறுப்பில் சதுரம் போட்டிருப்பார்கள். மழை குடித்து உப்பிய பலகை ஒரு இடத்தில் பந்தை உதறும், ஒரு இடத்தில் விழுங்கும். விழுங்கும் இடம் எது என்று உள்ளூர்ப் பையனுக்கு அத்துப்படி. வெளியூர்க்காரன் முதல் பாதி முழுக்க அதைக் கண்டுபிடித்துக்கொண்டிருப்பான். இப்படி ஒரு பலகையோடு வளர்ந்தவன் எந்தப் போர்டைக் கொடுத்தாலும் இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு அதன் குணத்தைச் சொல்லிவிடுவான். இப்போது எல்லா இடத்திலும் கண்ணாடி மாதிரி அக்ரிலிக். ஒரே மாதிரி துள்ளும். குறை சொல்ல ஒன்றுமில்லை. நியாயமாகப் பார்த்தால் போர்டு ஷாட் பெருகியிருக்க வேண்டும். பெருகவில்லை. அது எனக்கு இன்னும் புரியாத புதிர்.

ஒரு விதிவிலக்கு உண்டு, பெண்கள் அணிகள். கல்லூரிப் பெண்கள் ஆட்டத்தில் இன்றும் போர்டு ஷாட் உயிரோடு இருக்கிறது. ரிங்குக்கு மேலே எழும்பி முடிக்கிற ஆசை அங்கே இல்லாததால் கோணம் பார்த்துப் போடுகிறார்கள். அணியும் அடிக்கடி கலைவதில்லை. எம்.ஓ.பி. வைஷ்ணவ் மாதிரிக் கல்லூரிகளின் ஆட்டத்தை ஆண் கோச்சுகள் போய் ஒரு மாலை உட்கார்ந்து பார்த்தால் நல்லது. சென்னைப் பெண்ணான அனிதா பால்துரை இந்தியாவுக்காக 2000-த்திலிருந்து 2017 வரை ஆடினார், பத்தொன்பது வயதில் கேப்டன், தெற்கு ரயில்வேயில் வேலை. குழந்தை பிறந்த பிறகு திரும்பி வந்து, 2017-இல் பெங்களூரில் ஆசியக் கோப்பை 'பி' பிரிவுப் பட்டத்தை அணியோடு சேர்ந்து தூக்கினார். 2021-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நம் கல்லூரிப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், லெப்ரானின் பிள்ளை எந்த அணியில் என்று சொல்வார்கள், அனிதா என்றால் முழிப்பார்கள்.

சரி, இந்த சீசனுக்கு வருவோம். நான் கண் வைத்திருக்கும் அணியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் மறுநாளே யாராவது ஒருவனைக் கொத்திக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களுடைய உயரமான சென்டர் போய்விட்டான். புதிதாக இரண்டு பேர் வந்திருக்கிறார்கள், இரண்டு பேரும் ஆறரை அடிக்கு மேல். போனில் எல்லாரும் அவர்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நான் பார்க்கப் போனது வேறு இருவரை. ஒருவன் மூன்றாம் வருடத்து பாயின்ட் கார்டு, ஒல்லி, பனியன் முழங்கால் வரை தொங்கும். இன்னொருவன் அங்கேயே இளங்கலை முடித்துவிட்டு முதுகலையும் சேர்ந்திருக்கிற போஸ்ட். ஆறடி இரண்டு இருந்தால் அதிகம். வெளியே நல்ல அழைப்பு வந்தும் போகவில்லை என்று கேள்வி.

பயிற்சி முடிந்து மற்றவர்கள் தண்ணீர் குடிக்கப் போன பிறகு இவர்கள் இரண்டு பேரும் நின்றார்கள். கார்டு பந்தைத் தரையில் ஒரு தட்டு தட்டி பவுன்ஸ் பாஸாக விட்டான். போஸ்டின் வலது இடுப்புக்கு மேலே, கை காத்திருக்கிற இடத்துக்கே வந்தது. அவன் தட்டவில்லை. ஒரு திருப்பு, சதுரத்தின் மேல் மூலை, டப், சர். பத்துக்கு எட்டு. பிறகு வலது பக்கம் போனார்கள். அங்கே பத்துக்கு ஐந்துதான். வலது பக்கம் அவன் கால் கொஞ்சம் முன்கூட்டியே திரும்பிவிடுகிறது. கோச்சிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். அவர் புதுப் பையன்களுக்கு டங்க் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

புது உயரங்கள் இருவரும் ரீபவுண்டைப் பார்த்துக்கொண்டு, பந்தை வெளியே இவர்களிடம் திருப்பிக் கொடுக்கச் சம்மதித்தால், இந்த அணி தென்மண்டலத்தில் முதல் நான்குக்குள் வரும். சம்மதிக்காவிட்டால் லீகிலேயே ஊர் திரும்பும். நிகர்நிலைக்காரர்களில் ஒரு அணிக்கு இந்த வருடம் பெஞ்ச் மிக நீளம், அவர்கள்தான் பட்டத்துக்கு முதல் ஆள். அதில் வாதமே இல்லை. இரண்டும் மோதினால் நான் எந்தப் பக்கம் உட்காருவேன் என்று தம்பி மகனுக்குத் தெரியும். அவன் எதிர்ப் பக்கம் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறான். போட்டி எந்த ஊரில் என்று அறிவிப்பு வந்ததும் ரயிலுக்கு டிக்கெட் போட வேண்டும், இரண்டு பேருக்கும்.