வூஃபர் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

ஹேட்ச்பேக் காரின் டிக்கியில் சப்வூஃபர் பெட்டி வைப்பவர்கள் பெரும்பாலும் அதன் கூம்பைப் பின்கதவைப் பார்க்கத் திருப்பிவிடுகிறார்கள். இந்த வழக்கத்துக்குப் பலன் உண்டு. அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் பிழை. கதவில் மோதித் தெறிக்கும் ஒலி வளர்ந்து வருகிறது என்பார்கள். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். அதன் முன்னால் 12 அங்குலக் கூம்பு மிகச் சிறியது என்பதால், ஒலி முன்பின் பாராமல் எல்லாத் திசைக்கும் பரவிவிடுகிறது. டார்ச் விளக்கைத் திருப்புவதுபோல் பேஸைத் திருப்ப முடியாது.

அப்படியானால் பெட்டியைத் திருப்பியதும் சத்தம் மாறுவது பிரமையா? பிரமையில்லை. ஆனால் அங்கே உண்மையில் வேலை செய்வது திசையல்ல, தூரம். பின்சீட்டை ஒட்டி, முன்பக்கம் பார்த்திருக்கும் கூம்புக்கும் பின்கதவுக்கும் ஒரு மீட்டர் இடைவெளி என்று கொள்வோம். கதவுக்குப் போய்த் திரும்பும் அலை, நேரே வரும் அலையைவிட 2 மீட்டர் கூடுதலாகப் பயணிக்கிறது. 86 ஹெர்ட்ஸில் அது அரை அலைநீளம். ஒன்று ஏறும்போது மற்றது இறங்க, இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. கிக் டிரம்மின் அடி விழும் பகுதியிலேயே பள்ளம்! கூம்பு கதவிலிருந்து 30 செ.மீ.யில் இருந்தால் அதே பள்ளம் 280 ஹெர்ட்ஸுக்கு மேலே போய்விடும். லோ-பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வைத்த வூஃபர் அங்கே ஏறக்குறைய ஊமை. முன்பக்கம் பார்த்த பெட்டியையே கதவோடு ஒட்டித் தள்ளினாலும் பெரும்பாலும் இதே பலன் கிடைக்கும் என்பது, திசையைக் காரணமாக்கும் வாதத்தை உடைத்துவிடுகிறது. சீட்டும் கண்ணாடியும் வேறு பல எதிரொலிகளைச் சேர்ப்பதால் இந்தக் கணக்கு அப்படியே பலிக்காதுதான், போக்கு மாறாது. இன்னும் கீழே, அரை அலைநீளம் கேபினின் நீளத்தைத் தாண்டும் 60 ஹெர்ட்ஸ் அளவில், மூடிய கேபினே காற்றழுத்தத்தைக் கூட்டித் தருகிறது. கோட்பாட்டின்படி ஆக்டேவுக்கு 12 டெசிபல்; கசிவுகளால் நடைமுறையில் குறைவு. அங்கே பெட்டியின் இடத்துக்கே பெரிய மதிப்பில்லை.

செடானில் இதே வழக்கம் பல நேரம் கேடு. பின்சீட்டும் பார்சல் ஷெல்ஃபும் சுவராக நிற்பதால் பேஸ் டிக்கிக்குள்ளேயே சுழன்று, மூடியையும் நம்பர் பிளேட்டையும் கடகடக்க வைக்கிறது. அந்தக் கடகடப்புதான் வூஃபர் இருக்குமிடத்தைக் காதுக்குக் காட்டிக்கொடுக்கிறது. கூம்பை முன்பக்கம் திருப்பி, சீட்டின் திறப்போடு சேர்த்து, சுற்றுமுள்ள சந்துகளை அடைப்பதே அங்கே பொருத்தம்.

காதால் கேட்டுத்தானே முடிவு செய்கிறோம் என்பது நியாயமான மறுப்பு. எந்த நிலையில் கேட்கிறோம் என்பதில்தான் சிக்கல். பெட்டியை ஒரு மீட்டர் நகர்த்தினால் ஒலி வந்துசேர்வதில் 2.9 மில்லிசெகண்ட் வித்தியாசம். 80 ஹெர்ட்ஸில் அது கால் சுற்றுக்குச் சற்றே குறைவு. கதவு ஸ்பீக்கர்களோடு ஒலி சேர்வதும் மோதுவதும் இதைப் பொறுத்தது. ஆகவே ஃபேஸ் சுவிட்சை இரு நிலையிலும் போட்டுப் பார்க்காமல் பெட்டியின் திசைக்குத் தீர்ப்புச் சொல்வது அவசரம். டிக்கியைத் திறந்து வைத்து, பின்னால் நின்று கேட்பது அதைவிட மோசம்: கேபின் தரும் கூடுதலும் இல்லை, கதவின் எதிரொலியும் இல்லை, ஓட்டுநர் சீட்டில் காதும் இல்லை.