டி.ஆர்.பி.: அளவுகோலுக்கு மீறிய அதிகாரம்

வியாழக்கிழமை வந்தால் டிவி சேனல் அலுவலகங்களில் பரபரப்புத்தான். டிவி பார்வையாளர்களை அளக்கும் 'பார்க்' அமைப்பின் டி.ஆர்.பி. புள்ளிகள் வெளியாகும் நாள் அது. எந்த சீரியல் இழுக்கப்படும், எது அவசரமாக முடிக்கப்படும் என்பதைப் பெரும்பாலும் அந்த எண்களே முடிவு செய்கின்றன.

ஒரு நிகழ்ச்சியை எத்தனை பேர், எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று மாதிரி வீடுகளை வைத்து மதிப்பிடுவதே டி.ஆர்.பி. சேனலின் ஒலியில் காதுக்குக் கேட்காத குறியீடு ஒன்று கலந்திருக்கும். மாதிரி வீட்டின் மீட்டர் அதைப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் ஆளுக்கொரு பட்டன். டிவி முன் உட்காரும்போதும் அழுத்த வேண்டும், எழுந்து போகும்போதும் அழுத்த வேண்டும். பாட்டி மறந்துவிட்டால், அவர் அடுப்படியில் நிற்கும் நேரமும் சீரியல் பார்த்த கணக்கில் ஏறிவிடும்.

மாதிரிக் கணக்கே ஏமாற்று என்பாரும் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. நாட்டில் டிவி உள்ள வீடுகள் 20 கோடிக்கு மேல். மாதிரி வீடுகள் சுமார் 55,000. முறையாகத் தேர்ந்தெடுத்தால் பெரிய பொழுதுபோக்குச் சேனல்களை அளக்க இது போதும். அளவே இல்லாவிட்டால் விளம்பரப் பேரம் முழுக்க ஆள்பலத்தில்தான் நடக்கும்.

சிக்கல் செய்திச் சேனல்களில் இருக்கிறது. பார்ப்பவர்கள் குறைவு என்பதால் சில வீடுகளை வளைத்தாலே வரிசை மாறிவிடும். மீட்டர் வீடுகளுக்குப் பணம் கொடுத்துச் சில சேனல்களை ஓடவிட்டதாக 2020 அக்டோபரில் மும்பை போலீஸ் குற்றம்சாட்டியது. அந்த வழக்கு பின்னர் திரும்பப் பெறப்பட்டது; ஆனாலும் ஓட்டை எங்கே என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது. செய்திச் சேனல்களின் புள்ளிகளை நிறுத்திவைத்த பார்க், 2022 மார்ச்சில்தான் மீண்டும் வெளியிட்டது, அதுவும் நான்கு வார சராசரியாக. நல்ல திருத்தம். ஒருநாள் கூச்சலுக்கு உடனடிப் பலன் கிடைக்காது.

இதைவிடப் பெரிய குறையாக எனக்குப் படுவது 'லேண்டிங் பேஜ்'. செட்டாப் பாக்ஸைப் போட்டதும் முதலில் வரும் இடத்தைச் சேனல்கள் காசு கொடுத்து வாங்குகின்றன. நாம் தேர்ந்தெடுக்காத சேனல் நம் வீட்டில் ஓடுகிறது. 2018-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதற்குத் தடை போட்டது. 2019-ல் தொலைத்தொடர்புத் தகராறுகளுக்கான தீர்ப்பாயம் அந்த உத்தரவை ரத்து செய்தது.

பார்த்தவர் மனநிறைவோடு பார்த்தாரா, எதையாவது தெரிந்துகொண்டாரா என்பதை எந்த மீட்டரும் சொல்லாது. ஆனால் அந்த எண்ணுக்குப் பயந்துதான் ஏரி ஆக்கிரமிப்பு பற்றிய களச் செய்தி இரண்டு நிமிடத்தில் முடிகிறது. நான்கு பேர் கத்தும் விவாதம் ஒரு மணி நேரம் ஓடுகிறது. விளம்பர விலை பேச டி.ஆர்.பி. போதும். எது செய்தி என்று தீர்மானிக்கும் தகுதி அதற்கு இல்லை.