சுருங்கச் சொல்லலும் குன்றக் கூறலும்: திருமுகப் பாசுரத்தை முன்வைத்து

முன்னுரை

தொழில்நுட்பம், தகவல்தொடர்பு நாகரிகம் ஆகியவை பற்றிய பாடப்பகுதிகளைப் படித்துச் சுருக்கி வரையும் பயிற்சி இன்று மாணவர்க்குத் தரப்படுகின்றது. மின்னஞ்சலில் பொருள் குறிப்பிடப்பட வேண்டும், பொதுவிடத்தில் கைப்பேசியில் தாழ்ந்த குரலில் பேச வேண்டும் என விதிகளை வரிசைப்படுத்துவதே சுருக்கம் என மாணவர் கருதுவதுண்டு. அவ்வாறு எழுதும்போது விதிகள் எஞ்சுகின்றன. அவற்றைத் தோற்றுவித்த மனித உறவு மறைந்துவிடுகின்றது. இக்குறையின் இயல்பைத் தமிழ் இலக்கண மரபின் துணைகொண்டும், சேரநாட்டோடு தொடர்புடைய இரு சான்றுகளின் வழியும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

இலக்கண மரபில் சுருக்கம்

தொல்காப்பிய மரபியல் வழிநூலின் வகைகளுள் ஒன்றாகத் தொகுத்தலைக் கூறுகின்றது. 13ஆம் நூற்றாண்டினரான பவணந்தியாரின் நன்னூல், சுருங்கச் சொல்லலை நூலின் அழகுகளுள் ஒன்றாகவும், குன்றக் கூறலைக் குற்றங்களுள் ஒன்றாகவும் வைக்கின்றது. இரண்டிலும் சொற்கள் குறைகின்றன. எனினும் ஒன்று அழகு, மற்றொன்று குற்றம். எனவே அளவு சுருக்கத்தின் அளவுகோல் அன்று; விடப்பட்டது எது என்பதே அளவுகோல் என்பது பெறப்படும். நன்னூல் கடை மாணாக்கர்க்குக் காட்டும் உவமைகளுள் பன்னாடையும் ஒன்று. அது நெய்யை ஒழுகவிட்டுக் கசடைத் தன்னிடம் நிறுத்திக்கொள்வது. விதிகளை மட்டும் திரட்டும் சுருக்கம் இவ்வுவமைக்குப் பெரிதும் பொருந்துவதாகும்.

திருமுகப் பாசுரம்

பதினோராம் திருமுறையின் முதற்கண் அமைந்த திருமுகப் பாசுரம், ஆலவாய் இறைவன் சேரமான் பெருமாளுக்குப் பாணபத்திரர் வாயிலாக விடுத்த ஓலையாகப் போற்றப்படுகின்றது. வல்லார்பாடம் முதலிய கொச்சித் தீவுகளுக்கு வடக்கே உள்ள கொடுங்கோளூரே சேரமான் இருந்த நகர்.

இப்பாசுரத்தின் அமைப்பு நோக்கத்தக்கது. முதலில் விடுப்பவரின் ஊரும் அவர் யார் என்பதும் கூறப்படுகின்றன. பின்னர்ப் பெறுபவரின் கொடைச்சிறப்பு உரைக்கப்படுகின்றது. அதன்பின் ஓலை கொணர்பவர் அறிமுகம் செய்யப்படுகின்றார். பொருள் தந்து விடுக்குமாறு கூறும் வேண்டுகோள் இறுதியிலேயே வருகின்றது.

‘பாணபத்திரனுக்குப் பொருள் கொடுக்க’ என மாணவர் ஒருவர் இதனைச் சுருக்கினால் செய்தி பிழையாகாது. ஆயினும் ஓலை அழிந்துவிடும். ஏனெனில், அரசனைப் போன்றே பாணரும் தமக்கு அன்பர் என விடுப்பவர் கூறும் கூற்றே இதன் உயிர்நிலை. அக்கூற்றால் பொருள் நாடி வந்தவர் இரவலர் நிலையினின்று உயர்ந்து அரசனுக்கு நிகரான தோழராகின்றார். ‘உன்னைப் போலவே என் அன்பனாகிய பாணன் உன்னைக் காண வருகின்றான், பொருள் தந்து விடுப்பாயாக’ எனச் சுருக்கினும் சொற்கள் சிலவே, உறவோ குன்றவில்லை.

பெரியபுராணத்தில் சேரமான் ஓலையைத் தலைமேற்கொள்கின்றார். தம் செல்வம் முழுவதையும் அரசையும் அளிக்க முன்வருகின்றார். பாணரோ வேண்டுவன மட்டும் பெறுகின்றார். ஓலையைப் பொருளுக்கான ஆணையாக மட்டும் அரசர் கொண்டிருப்பின் இந்நிகழ்வுக்கு இடமில்லை என்பது வெளிப்படை.

கருவி மாற்றமும் நெறி மாற்றமும்

1579இல் கொச்சியில் அச்சான ‘கிரீசித்தியானி வணக்கம்’ வினாவிடை முறையில் அமைந்த நூலாகும். ஓலைக்குப் பெறுபவர் ஒருவர். கொண்டுசெல்பவரும் உடன் நிற்கின்றார். அச்சு நூலுக்குப் பெறுபவர் பலர். ஐயம் நேர்ந்தால் விளக்குதற்கு ஆசிரியர் அருகில் இல்லை. படிப்பவர் கேட்கக்கூடிய வினாவினை நூலே கேட்டுக்கொள்ளும் வினாவிடை வடிவம் இவ்விடைவெளிக்கு இயைந்தது எனலாம். இத்தகு நூலை மாணவர் சுருக்குங்கால் விடைகளை மட்டும் தொகுத்து வினாக்களை நீக்கின், கருவி மாறியதால் நெறி மாறிய வரலாறும் உடன் நீங்கிவிடும்.

முடிவுரை

யார், யாருக்கு, எக்கருவி வழி, எவ்வுறவில் கூறினார் என்னும் நான்கும் எஞ்சும்போதே தொடர்பாடல் பற்றிய பாடத்தின் சுருக்கம் நிறைவுறும். இன்று கணினிச் செயலிகள் சில நொடிகளில் சுருக்கம் தருகின்றன. ஆதலின் சுருக்குதலை மட்டும் மாணவர்க்குப் பயிற்றுதல் போதாது. தம் முன் உள்ள சுருக்கம் சுருங்கச் சொல்லலா, குன்றக் கூறலா என மதிப்பிடும் திறனைப் பயிற்றுவதே ஆசிரியர் கடனாகின்றது. அத்திறனுக்குரிய கலைச்சொற்கள் நன்னூலிலேயே உள்ளன. அவற்றை மனப்பாடப் பகுதியினின்று மீட்டுப் பயன்பாட்டுக்குக் கொணர்தல் வேண்டும்.