ராஜு கதையை வாசித்தால் மட்டும் போதுமா?

ரிசர்வ் வங்கி 2022-ல் வெளியிட்ட 'ராஜு அண்ட் தி ஃபார்ட்டி தீவ்ஸ்' கையேட்டில் 40 மோசடிக் கதைகள். சுவாரஸ்யமாத்தான் இருக்கு. யாரோ ஏமாறுவார், பிறகு அறிவுரைகள் வரும். இளைஞர் முகாமில் இதை அப்படியே வாசித்துக் காட்டுவது வீண் என்பேன்.

யுபிஐ பின் பணம் அனுப்பத்தான், வாங்க அது தேவையே இல்லை. இரண்டு பேர் ஒரு ரூபாயை மாற்றி மாற்றி அனுப்பிப் பார்த்தால் பத்து நிமிஷத்தில் இது பிடிபட்டுவிடும். அப்புறம் 'ஸ்கேன் பண்ணுங்க, பணம் வரும்' என்று எவனாவது கியூஆர் அனுப்பினால், பின் கேட்கும்போதே உறைக்கும்.

அறிவுரையால் தீராதது வெட்கம். ஏமாந்த பையன் வீட்டுக்குப் பயந்து ராத்திரி முழுக்க மறைத்தால், 1930-க்குக் கூப்பிடுவதற்குள் பணம் நாலைந்து கணக்கு தாவியிருக்கும். திட்டாமல் கேட்கிற ஓர் அண்ணனோ அக்காவோ அவனுக்கு அப்போ வேணும். அதை எந்தக் கையேடு தரும்?