பெயரில்லாத நூலும் மொட்டைக் கடுதாசியும்

யார் எழுதியது என்று தெரியாத செய்திகள் கைப்பேசியில் பெருகிவிட்டன. பெயர் போடாமல் எழுதுவதையே சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும் என்று படித்தவர்களே சொல்லக் கேட்கிறோம். இந்தக் கருத்தை நம் பழைய நூல்களின் முன்னால் வைத்துப் பார்ப்பது நல்லது. ஏன்னா, பெயரை மறைப்பதே குற்றம் என்றால் முதலில் கூண்டில் ஏற வேண்டியவர்கள் சமண முனிவர்கள்தான்.

நாலடியாரில் 400 வெண்பாக்கள். ஒன்றுக்கும் பாடியவர் பெயர் இல்லை. பாண்டியன் வைகையில் வீசச் சொன்ன ஏடுகளில் வெள்ளத்தை எதிர்த்து வந்து சேர்ந்தவை இவை என்பது செவிவழிக் கதை. கதை எப்படியோ போகட்டும். ஆளைப் பார்க்காமல் சொல்லைப் பார்த்துத்தான் தமிழர் அதைத் திருக்குறளுக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

ஆனால் நாலடியார் நீதி நூல். அதனோடு சண்டைக்கு வருபவர் குறைவு. சரியான சோதனை நீலகேசிதான். அதன் ஆசிரியர் பெயரும் தெரியாது. அதுவோ வாத நூல். பௌத்தக் காப்பியமான குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்தது. நீலகேசி குண்டலகேசியோடும் புத்தரோடும் வாதிடுகிறாள். பிறகு ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி என்று ஒருவரையும் விடுவதில்லை. எதிராளியின் கொள்கை இன்னது என்று வைத்து, அதன் பிறகே மறுக்கிறாள்.

நூலில் குறை இல்லாமல் இல்லை. ஏளனம் உண்டு. இரண்டு பக்கத்து வாதத்தையும் எழுதுவது ஒரே கை என்பதால் எதிராளி ஒருநாளும் ஜெயிப்பதில்லை. எங்கள் சமயத்து நூல் என்பதற்காக இதை மூடி மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் என்ன நடந்தது பாருங்கள். குண்டலகேசி நமக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. சில பாட்டுகள் புறத்திரட்டில் தப்பின. பாட்டு முதற்குறிப்புகள் பலவும், நீலகேசிக்குச் சமயதிவாகர வாமன முனிவர் எழுதிய உரையில் தப்பின. எதிராளியின் சொல் மறுக்க வந்தவர் வீட்டில் பத்திரமாக இருந்தது!

மொட்டைக் கடுதாசி இதற்கு நேர்மாறு. அது காரணம் சொல்லாது, பதில் கேட்காது. ஒரு குடும்பத்தின் மானத்தையோ ஒரு கடையின் நாணயத்தையோ கெடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். ஆக, இரண்டிலும் பெயர் இல்லை. ஒன்று வாதம், மற்றது வதந்தி.

தத்துவார்த்த சூத்திரம் இல்லறத்தாரின் வாய்மை விரதத்துக்கு ஐந்து மீறல்களைச் சொல்கிறது: பொய்யை உபதேசித்தல், மறைவில் நடந்ததை வெளியே சொல்லுதல், பொய்யாவணம் எழுதுதல், அடைக்கலப் பொருளை அமுக்குதல், சாடையால் அறிந்த இரகசியத்தைப் போட்டுக் கொடுத்தல். வியாபாரிக்கே எழுதி வைத்த மாதிரி இருக்கும். பெயர் போடாமல் எழுதுவது இந்தப் பட்டியலில் இல்லை. பொய்தான் குற்றம், அடுத்தவர் அந்தரங்கத்தைக் கடை விரிப்பதுதான் குற்றம்.

பெயரை மறைக்க எளியவருக்குக் காரணம் உண்டு என்பதைத் தங்கவயல் தமிழர் மறக்கக் கூடாது. 1930இல் இங்கே சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ததற்குக் கைரேகைப் பதிவு ஒரு காரணம். ஆள் அடையாளம் முதலாளி கையில் சிக்கினால், எதிர்த்துப் பேசியவன் பிழைப்பு என்ன ஆகும்? அந்தப் பயம் அதிகாரம் உள்ளவருக்குப் புரியாது.

சட்டமும் பல சமயம் பெயர் போட்டவனைத்தான் சுலபமாகப் பிடிக்கிறது. 2012இல் புதுச்சேரியில் சிறு தொழில் நடத்திய ஒருவர், மத்திய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி டுவிட்டரில் எழுதியதற்காக, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் கைதானார். அந்தப் பிரிவு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24இல் தீர்ப்பளித்தது.

பெருமாள்முருகனும் தம் பெயரோடுதான் 'மாதொருபாகன்' நாவலை வெளியிட்டார். எதிர்ப்புத் தாங்காமல், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று 2015 ஜனவரியில் அவரே அறிவிக்கும்படி ஆயிற்று. நாவலுக்கு எதிரான கோரிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலை 5இல் தள்ளுபடி செய்து, அவர் மீண்டும் எழுத வழிவிட்டது. நாவலில் குறை கண்டவர்கள் மறுப்பாக ஒரு நீலகேசி எழுதியிருக்கலாமே. யார் தடுத்தார்கள்?

மிரட்டலும் அவதூறும் செய்பவரை நீதிமன்றம் தேடிப் பிடித்துத் தண்டிக்கட்டும். அதில் தயவு வேண்டாம். அதற்காக எல்லோர் முகத்திரையையும் கிழிக்கச் சொல்வது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: பெயரில்லாத செய்தி வந்தால், யார் எழுதியது என்று கேட்பதற்கு முன் அதில் எதிர்த்தரப்பின் நியாயம் இருக்கிறதா, பதில் சொல்ல இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். அனுப்பினால், அந்தக் கடுதாசியில் கையெழுத்துப் போட்டவர் நீங்கள்தான்.